வாளிச் சத்தம்

திங்கள்

காலையில் தூறல், பிறகு சுள்ளென்று வெயில். சதுப்புக் காட்டுப் பலகைப் பாலம் முழுக்கக் கூட்டி முடித்தேன். சிப்ஸ் பாக்கெட்டுகள், ஒரு குழந்தைச் செருப்பு. மெயின்லேண்டிலிருந்து தீவு பார்க்க வந்த கூட்டம். இத்தனை வயதான மரங்களை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வேரப் பாக்கவாய்யா கப்பல் ஏறி வந்தோம்? மொதல எங்க?" என்றார் ஒருவர்.

டிங்கிப் படகு ஓட்டுகிற அத்தான், அக்கா புருஷன், "பொறுங்க சார், ஐயா குளிச்சிட்டு வருவாரு" என்றார். ஒரே சிரிப்பு. சொன்னபடி முதலை வந்தது. முன்பெல்லாம் எப்போதாவதுதான் கண்ணில் படும். இப்போது தினமும்.

ஒரு பெண் என் பேர் கேட்டாள். குனிந்து கூட்டினேன். வகுப்பில் எழுந்து பதில் சொல்ல முடியாமல்தானே எட்டோடு நின்றேன்.

செவ்வாய்

துடைப்பம் எடுக்கப் பாலத்தடிக்கு இறங்கினேன். டிங்கியில் அத்தான். வாளி நிறையக் கோழிக்குடல். டிங்கி விளிம்பில் வாளியைத் தட்டினார், டப் டப். இன்னும் கொட்டவே இல்லை, அதற்குள் வந்துவிட்டது. தண்ணீருக்கு மேல் இரண்டு கண். சோற்றுக்கு நிற்கும் நாய் மாதிரி.



அம்மா நண்டு பிடிப்பதும் இதே ஓடையில்தான். எல்லைப் பலகைக்கு இந்தப் பக்கம். கடல் வற்றும் வத்தத்தில் இறங்குவாள். முடிந்ததும் சேறு போக வாளியைக் கல்லில் தட்டுவாள்.

புதன்

பால் திரிந்துவிட்டது. கருப்புக் காபி.

வாளிச் சத்தம் கேட்டு அது அம்மாவிடமும் வரும் என்று அத்தானிடம் சொன்னேன். "ஊமச்சி பேசிட்டா! கேக் வெட்டுங்கப்பா!" என்று சிரித்தார். பிறகு மெதுவாக, "சீசன் முடியட்டும் ஜெனி. வெளிய விட்றாத."

அக்கா: "வயித்துப் புள்ளையோட என்னத் தெருவுல நிறுத்தப் போறியா?"

அம்மா: "சும்மா கெடட்டி. நான் பாக்காத மொதலையா?"

வியாழன்

எழுத முடியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

மத்தியானம், வத்தம். பாலத்தில் கூட்டம். எதிர்க்கரையில் அம்மா வாளியைத் தட்டினாள். தண்ணீரில் ஒரு கோடு, நேராக அவளை நோக்கி.

"அம்மா! ஏறு! மேல ஏறும்மா!"

என் குரலா அது? அம்மா வேரைப் பிடித்து ஏறிவிட்டாள். வாளி அதன் வாயில் நொறுங்கியது.

பாலத்தில் கைதட்டல். "வீடியோ எடுத்தியாடா?" "செம ட்ரெயினிங்!" காட்சி என்று நினைத்துவிட்டார்கள். அத்தான் மட்டும் கம்பியைப் பிடித்தபடி, முகம் வெளுத்து.

அந்தக் கைதட்டல் இன்னும் காதில்.

வெள்ளி

அம்மாவுக்குக் காய்ச்சல். முழங்காலில் வேர் கிழித்த காயம், மஞ்சள் வைத்தேன்.

காட்டிலாகா கார்டு வீட்டுக்கே வந்தார். "கிஸ்னே கிலாயா?" தீனி போட்டுப் பழக்கியது யார் என்று மறுபடி மறுபடி.

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். "நான்தான் சாப். மீன் குடல் கழுவுனேன். மேரா கல்தி, என் தப்பு."

மருமகன் பக்கம் திரும்பவே இல்லை. அவர் சுவரைப் பார்த்து நின்றார். இனி ஓடைப் பக்கம் வரக் கூடாது என்றார் கார்டு. அம்மா தலையாட்டினாள். அக்கா என் கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிய.

உதறிவிட்டு கார்டின் பின்னால் ஓடினேன்.

"அம்மா நஹி, சாப். ஜீஜா." அம்மா இல்லை, அத்தான்தான் என்று பேரையும் சொன்னேன்.

திரும்பினேன். வாசலில் அக்கா.