பாட்டே இல்லாத பாட்டுப் பத்திரிகை

இந்த முறை நம் இதழ்க்கட்டு கருவாட்டு வாசனையோடு வந்து சேர்ந்தது. மாவனல்லையிலிருந்து கேகாலைக்கு ஒரு பஸ், அங்கிருந்து ருவான்வெல்லைக்கு இன்னொரு பஸ். இரண்டாவது பஸ்ஸின் கண்டக்டர் கட்டைக் கொண்டுபோய் யாருடைய கருவாட்டு மூட்டைமேலோ சாத்தி வைத்துவிட்டார். கடையில் நான் கயிற்றை அறுத்ததும் புது மையும் கருவாடும் சேர்ந்து குப்பென்று அடித்தன. நீ இருந்திருந்தால் ஒரு பிரதியை எடுத்து முகர்ந்து பார்த்து, “அடியே, இத அப்பிடியே சோத்தோட சாப்புடலாம் போல இருக்கே” என்று சொல்லி, பஜார் திரும்பிப் பார்க்கும்படி சிரித்திருப்பாய். நீ இல்லாததால் உன் பங்குக்கும் நானே சிரித்தேன். போட்டோ பிரதி எடுக்க வந்த மனிதர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

சிரித்து முடித்தபின் உனக்கு எழுத வேண்டும் போலிருந்தது.

வாரநாட்களில் நீ தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டாய். சனி ஞாயிறுகளில் கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் இசைக்குழுவோடு பாடினாய். நான் அன்றும் இன்றும் ருவான்வெல்லை பஜாரில், கொமியூனிகேஷன் கடையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து கல்யாணக் கார்டு வடிவமைக்கிறவள். தோட்டத்தில் அடுத்தடுத்த லய வரிசை வீடுகளில் பிறந்து, ஒரே பெஞ்சில் படித்து, ஒருத்தி சொல்வதை மற்றவள் ஒருபோதும் முழுதாக ஒத்துக்கொள்ளாமலே வளர்ந்தோம்.

அந்தக் கல்யாண வீடு நினைவிருக்கிறதா? மேடையில் அறிவிப்பாளர் மாப்பிள்ளையின் சித்தப்பா பெயரிலிருந்து கேக் வெட்டியவர் பெயர்வரை ஒன்று விடாமல் சொன்னார். உன் முறை வந்ததும், “அடுத்ததாக ஒரு பெண் பாடுவார்” என்றார். நீ பாடினாய். கூட்டம் இன்னொரு தடவை கேட்டது. மறுபடியும் பாடினாய். கீழே இறங்கி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, “அந்தப் பொண்ணுக்குப் பேரு இல்லையாடி?” என்று சிரித்தாய். ஆனால் அன்றைக்கு நீ சாப்பிடவில்லை. நான் கவனித்தேன்.

திரும்பி வரும்போது வேனில் நான்தான் ஆரம்பித்தேன். “நம்ம பாட்டுக்காரங்களுக்குன்னு ஒரு பத்திரிகை இருந்தா என்னா?”

“யாரு நடத்துறது?”

“நாமதான்.”

நீ மறுத்துப் பேசாதது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

வேலை முடிந்தபின் கடைக் கம்ப்யூட்டரிலேயே மாதிரி இதழ் ஒன்று செய்தேன். ‘இசைச்சுடர்’ என்று பெயர். அட்டையில் வீணை. உள்ளே ‘இசையும் மனித வாழ்வும்’ என்று நான் எழுதிய நீண்ட கட்டுரை. அது அழகாக இருந்தது என்று இப்போதும் சொல்வேன். அதை எடுத்துக்கொண்டு மாவனல்லைக்குப் போனோம். நம் கடைக் கார்டுகளை அச்சடிக்கும் அச்சகத்துக்காரரை ஊரே ஹாஜியார் என்றுதான் கூப்பிடும். அவருடைய அச்சக வெளியீடாக இதழ் வந்தால்தான் உண்டு. கையில் காசில்லாத நமக்கு வேறு வழி கிடையாது.

பஸ்ஸில் மனப்பாடம் செய்து வந்ததையெல்லாம் நான் ஒப்பித்தேன். கலை, பண்பாடு, வரலாற்றுத் தேவை. ஹாஜியார் பொறுமையாகக் கேட்டார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பக்கங்களைப் புரட்டினார்.

“வேலை வடிவா ஈக்கி, மகள். ஆனா பொய் செல்ல ஏலாது. மூணாம் பக்கத்துல எனக்குத் தூக்கம் வந்துட்டு.”

நான் உன்னைப் பார்த்தேன். நீ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

“இத யாரு வாங்குவாங்க?” என்று கேட்டார்.

“இசை ஆர்வலர்கள்” என்றேன்.

“அவங்கட பேரு செல்லுங்க பாப்பம்.”

நான் மறுபடியும் கலை, பண்பாடு என்று ஆரம்பித்தேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. “வாசிக்கிற ஆள்களைக் காட்டுங்க. நான் அடிச்சித் தாரேன்” என்று தேநீர் கொடுத்து அனுப்பினார்.

திரும்பும் பஸ்ஸில் நான் அழுதுவிடும் நிலையில் இருந்தேன். நீ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியபடி சொன்னாய்: “அந்த மனுசன் மூணாவது பக்கம் வரைக்கும் போனாரு. நான் ரெண்டாவதுலயே விட்டுட்டேன்.”

அன்றைக்கு உன்னைப் பஸ்ஸிலிருந்து தள்ளிவிடலாம் போலிருந்தது. ஆனால் அதே பயணத்தில்தான் உனக்கு அந்த யோசனை வந்தது. மாதிரி இதழைக் கையில் எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவது. யாரிடமும் “நல்லா இருக்கா?” என்று கேட்கவே கூடாது. “நல்லா இருக்கானு கேட்டா நல்லா இருக்குனுதான் சொல்லுவாங்க. மரியாதைக்காரச் சனம். எந்த எடத்துல கீழ வச்சாங்கனு மட்டும் கேப்போம்” என்றாய்.

முதலில் செல்வராணி அக்காவிடம் போனோம். ரப்பர் மரத்தில் பால் வெட்டு முடிந்து வந்து, கை கழுவி, வாசற்படியில் உட்கார்ந்து, இதழை முதலிலிருந்து கடைசிவரை ஒரு தடவை புரட்டினார். பிறகு கடைசியிலிருந்து முதல்வரை.

“எந்த எடத்துல விட்டீங்க, அக்கா?” என்றாய் நீ.

“எங்க தங்கச்சி தொடங்குறது? எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. பாட்டுப் பத்திரிகைனு சொல்றீங்க. ஒரு பாட்டுக்கூட இல்லையே?”

நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உண்மைதான். இசையைப் பற்றி அத்தனை பக்கம் எழுதியிருந்தேன். பாடுவதற்கு ஒரு வரி இல்லை. நீ படியிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். செல்வராணி அக்கா தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டதாகப் பயந்து, நமக்குப் பிளேன்டீ ஊற்றப் போனார்.

உன் குழுவில் கீபோர்ட் வாசிக்கும், சிங்களவரான நிமல் அண்ணன் இதழைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “அனே நங்கி, எனக்குத் தமிழ் பேச ஏலும், வாசிக்க ஏலாது. பாட்டு வரிக்கு மேல கோர்ட்ஸ் எழுத்தப் போடுங்க, சி, ஜி, எஃப்னு. அது எல்லாருக்கும் ஒண்ணுதானே” என்றார். அந்த யோசனை எனக்கு நூறு வருடம் உட்கார்ந்திருந்தாலும் வந்திருக்காது.

தப்பு அடிக்கும் குழுவின் தலைவர், நாம் மாமா என்று கூப்பிடுகிறவர், இதழைத் திறக்கவே இல்லை. “எங்க போன் நம்பரு இதுல இருக்கா? இல்லையா? அப்ப எனக்கு எதுக்கும்மா? எஹெலியகொடையில ஒரு கல்யாணத்துக்கு மேளதாளம் வேணும்னு தேடி, ஆளு தெரியாம கொழும்புல இருந்து எறக்குனாங்க. நாங்க பக்கத்துத் தோட்டத்துல சும்மா குந்திக்கிட்டு இருந்தோம்.” குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகம் இருந்தது. நீ உடனே அவர் நம்பரை இதழின் அட்டையில் குறித்துக்கொண்டாய். கல்யாண வீட்டு மேடையை நினைத்திருப்பாய்.

எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொண்டேன். என் கட்டுரையில் நீ கை வைத்தபோதுதான் சண்டை வந்தது. என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, பென்சிலால் தலைப்பிலிருந்து கடைசி வரிவரை ஒரே கோடாக இழுத்துவிட்டாய்.

“அத எழுத எனக்கு எவ்வளவு நாளாச்சு தெரியுமா?”

“தெரியும்டி. வாசிக்கவும் அவ்வளவு நாளாகுது.”

அதன்பின் உன்னோடு நான் பேசவில்லை. கடையில் தனியே உட்கார்ந்து கட்டுரையைப் பத்திப் பத்தியாக வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்ட வெட்ட, இருக்க வேண்டியது எதுவும் அதில் இல்லை என்பது தெரிந்தது. அந்த இடத்தில், திருவிழாக்களில் மைக் ஏன் கீச்சிடுகிறது, அதற்கு என்ன செய்யலாம் என்று ஒரு சவுண்ட் செட்காரரிடம் கேட்டு எழுதினேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரம் பார்த்து நீ கடை வாசலில் நின்றாய்.

“கோவமா இருக்கியா, இல்ல திருத்திக்கிட்டு இருக்கியா?”

“ரெண்டுந்தான்.”

“அப்ப டீ சொல்லு.”

இதழ் உருமாறியது. எழுத்து பெரிதானது. நம் பக்கத்து ஆட்கள் தாங்களே கட்டிய பாட்டுகள் கோர்ட்ஸோடு உள்ளே வந்தன. பாடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள் பெயரும் படமும் போன் நம்பரும் நடுப் பக்கத்தில் ஏறின. கடைசியில் ஒரு பக்கம் சிங்களத்தில். வீணை போய், உன் குழு வேனிலிருந்து பெட்டி இறக்கும் படம் அட்டைக்கு வந்தது. ‘இசைச்சுடர்’ என்ற பெயரையும் விடாமல், “பத்திக்கிச்சுனா யாரு அணைக்கிறது?” என்றாய். “மேடையில ஒருத்தி பாடுறப்ப கீழ இருக்குறவங்க கூடப் பாடணும். அதுதான்டி எனக்கு வேணும்” என்று நீ சாதாரணமாகச் சொன்ன பேச்சிலிருந்துதான் ‘கூடப் பாடு’ பிறந்தது.

இரண்டாம் தடவை மாவனல்லைக்குப் போனபோது நான் எதையும் மனப்பாடம் செய்யவில்லை. அச்சகத்துக்குள் நுழைந்ததும், பக்கம் அடுக்கும் மேசையில் இருந்த இரண்டு பெண்களிடம் நீ ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு வந்தாய். எனக்கு எரிச்சலாக இருந்தது. நம்மிடம் இருந்ததே இரண்டு பிரதிதான்.

ஹாஜியார் மற்றப் பிரதியைப் புரட்டத் தொடங்கினார். பக்கத்து அறையில் இயந்திரம் ஓடும் சத்தத்தில் நாம் பேசியது எதுவும் அவர் காதில் சரியாக விழவில்லை. கையைக் காதருகே குவித்து, “என்ன செல்றீங்க? என்ன?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் கத்திக்கொண்டே இருந்தேன். திடீரென்று கரண்ட் போனது. இயந்திரம் நின்றது. அந்த அமைதியில், தாங்கள் பாடுவது வெளியே கேட்கிறது என்று தெரியாமல், அந்தப் பெண்கள் இருவரும் இதழில் இருந்த, நீ கட்டிய பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

மழ வந்தா பால்வெட்டு இல்ல, மாமா,
மழ விட்டா எனக்கு லீவு இல்ல.

மெட்டு அவர்களுக்குத் தெரியாது. அவர்களே ஒன்று போட்டிருந்தார்கள். ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றினார். எழுந்து கதவருகே போய் நின்று கேட்டார். பெண்கள் திடுக்கிட்டு நிறுத்தினார்கள். “ஏன் நிப்பாட்டின? பாடுங்க” என்றார். திரும்பி நம்மிடம், “சரி மகள், அடிப்போம்” என்றார்.

வெளியே வந்ததும் கண்டி வீதி என்றும் பார்க்காமல் நீ என்னைத் தூக்கிச் சுற்றினாய். ஒரு லொறிக்காரர் ஹோர்ன் அடித்து வாழ்த்திவிட்டுப் போனார்.

முதல் இதழ் வந்த வாரமே மாமாவின் குழுவுக்கு இரத்தினபுரியிலிருந்து கல்யாண அழைப்பு வந்தது. அடுத்த திருவிழாவில் அறிவிப்பாளர் நடுப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உன் பெயரை அப்பா பெயரோடும் தோட்டத்தின் பெயரோடும் சேர்த்து வாசித்தார். நீ பாடத் தொடங்க ஒரு நொடி தாமதித்தாய். மைக் கோளாறு என்று பிறகு சாதித்தாய்.

ஒவ்வோர் இதழும் வந்தவுடன் நாம் லயங்களுக்குப் போனோம். எங்கே விட்டீர்கள், எங்கே விட்டீர்கள் என்று கேட்டோம். இதழ் எம்பிலிப்பிட்டியச் சந்தைவரை போனது. சிங்களப் பக்கம் ஒன்று நான்கானது. அப்புறம் அந்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். கேகாலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே புது இதழின் அட்டையைப் பார்த்து, “சிவப்பு கூடிப்போச்சு” என்றாய். அதுதான் எனக்கு நீ கடைசியாகச் சொன்னது. அச்சடித்தபின் பார்த்தேன். கூடித்தான் போயிருந்தது.

உனக்காக நான் ஒரு சிறப்பிதழ் செய்தேன். கறுப்புக் கரை போட்ட அட்டை, உள்ளே பக்கம் பக்கமாக நான் எழுதிய அஞ்சலி. வழக்கம் மாறாமல் மாதிரியை எடுத்துக்கொண்டு செல்வராணி அக்காவிடம் போனேன். அவர் கொஞ்சம் வாசித்தார். மடியில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இது நீ அழுறதுக்கு எழுதுனது, தங்கச்சி. அழு. வேணாம்னு சொல்லல. ஆனா நாங்க பாடுறதுக்கு இதுல என்னா இருக்கு?”

அன்று முழுக்க அழுதேன். மறுநாள் கறுப்புக் கரையை எடுத்தேன். அஞ்சலியையும் எடுத்தேன். நிமல் அண்ணனைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். நீ கட்டிய பாட்டுகள் அத்தனையையும், உன் குழுவுக்கு ஞாபகம் இருந்தவரை, வரி வரியாகக் கோர்ட்ஸோடு இறக்கினோம். நீ வாய் நிறையச் சிரிக்கும் படம்தான் அட்டை. சிவப்பை மட்டும் குறைத்தேன். பிரதிகள் போதாமல் ஹாஜியார் மறுபடியும் அச்சடித்தார்.

மாரியம்மன் திருவிழாவில், வெளிச்சம் இறங்கும் நேரத்தில், நிமல் அண்ணன் மைக்கைப் பிடித்து, “இன்னைக்குப் பாடகி இல்ல. நீங்கதான் பாடணும்” என்றார். கீபோர்ட் தொடங்கியது. முன்வரிசைப் பெண்கள் இதழைப் பிரித்தார்கள். மாமாவின் குழு தப்பைக் கையில் எடுத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் கிராமத்துச் சிங்களப் பிள்ளைகள் சிங்கள எழுத்தில் இருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டு பாடினார்கள். ஒருவர் சுருதி மற்றவரோடு சேரவில்லை. யாரும் நிறுத்தவும் இல்லை. மலைச்சரிவு முழுக்க உன் பாட்டு கேட்டது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து, வாயைத் திறந்தால் காகம் பறக்கும் என்று நீ கேலி செய்த நானும், எல்லாரோடும் சேர்ந்து தொண்டை கிழியப் பாடினேன்.

அன்றிலிருந்து பாட்டு என்னை விடவில்லை. கார்டு வடிவமைக்கும்போதும், கடையைக் கூட்டும்போதும், உன் வரிகள் தாமாக வாயில் வருகின்றன. இன்று கட்டைப் பிரித்து அடுக்கும்போதும் பாடிக்கொண்டுதான் இருந்தேன். போட்டோ பிரதிக்கு வந்த அந்த மனிதர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

“தங்கச்சி, ரெண்டாவது வரியில சுருதி எறங்குதே.”

“எந்த எடத்துல?” என்று கேட்டேன்.

அவர் மெல்லப் பாடிக் காட்டினார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து மறுபடி தொடங்கினேன்.