பல் கடிக்கிற சத்தம்

5.11.79 திங்கள்

விடியற்காலை தூறல். விறகெல்லாம் ஈரம், அடுப்படி முழுக்கப் புகை. இவருக்கு மறுபடியும் பல்வலி. இடது கடைவாய், கீழே. தாலுகா ஆபீசுக்கு லீவு சொல்லி அனுப்பினார்.

ஆடியில்தான் புளியங்குடியில் பல் பிடுங்குகிற ஆளிடம் போய் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டார். இவர் விரல் வைத்துக் காட்டியதை அந்த ஆள் பிடுங்கிப் போட்டான். வலி பக்கத்துப் பல்லில் வந்து உட்கார்ந்துகொண்டது.

பக்கத்து வீட்டு மைனி: "பல்லுல புழு இருக்கும் அண்ணாச்சி. கண்டங்கத்திரி வெதைய நெருப்புல போட்டுப் பொகை பிடிங்க. பொலபொலன்னு கொட்டிரும்." பிடித்தார். இருமல்தான் வந்தது.

எனக்குக் காரணம் தெரியும். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறேன். நறநறவென்று, ஆட்டுரலில் வெறும் குழவியைச் சுற்றுகிற மாதிரி. இவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

வாங்க: கிராம்பு, மண்ணெண்ணெய், தீப்பெட்டி.

7.11.79 புதன்

நல்ல வெயில். போர்வை காய்ந்தது. குழம்பில் உப்பு இல்லையென்று தட்டைத் தள்ளினார். உப்பு சரியாகத்தான் இருந்தது.

சித்திரையில் அப்பா செத்த அன்றும் இதே இடத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார். எங்கள் ஊர் வாசுதேவநல்லூரிலிருந்து வந்த ஆள் பஸ் ஸ்டாண்டிலேயே இவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டான். வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டார். இன்னொரு தடவை மோர் கேட்டார். படுத்து எழுந்தார். அப்புறம்தான் சொன்னார். "சோத்து நேரத்துல எதுக்குன்னு இருந்தேன்." நான் போய்ச் சேருவதற்குள் தூக்கிவிட்டார்கள். அப்பா முகத்தைப் பார்க்கவில்லை.

ராத்திரி வலியில் முனகிக்கொண்டே கிடந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதியாச்சு, இருக்கட்டும்.

10.11.79 சனி

பாளையங்கோட்டைக்குப் போனோம். பஸ்ஸில் நின்றுகொண்டே. பல் டாக்டர் சின்ன வயசு. கம்பியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார். குளிர்ந்த தண்ணீர் விட்டுப் பார்த்தார். இவர் பிடுங்குங்க, பிடுங்குங்க என்கிறார். டாக்டர் காதில் வாங்கவில்லை.

"சொத்தை ஒண்ணும் இல்ல சார். பல்லெல்லாம் தேஞ்சு தட்டையா இருக்கு. காரணம் தெரியாம பிடுங்கக் கூடாது. தூக்கத்துல பல்லக் கடிப்பீங்களா?"

"நானா? சின்னப் பிள்ளைகள்லா அப்படிக் கடிக்கும்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. கடிக்கிறார்னா பல்ல விட்டுரலாம். ராத்திரி மாட்டிக்கிட ரப்பர்ல ஒண்ணு செஞ்சு தாரேன். கடிக்கலைன்னா வேர்லதான் கோளாறு. எடுத்துர வேண்டியதுதான்."

இவரும் என்னைப் பார்த்தார், வாயைத் திறந்தபடி.

"அப்படி ஒண்ணும் கேட்டதில்ல டாக்டர்" என்றேன்.

பல் லேசில் வரவில்லை. இவர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினார். வேரோடு வந்தது, நல்ல பல். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார். திரும்பும்போது ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நன்றாகத் தூங்கினேன்.

12.11.79 திங்கள்

மழை. ஆபீசுக்குப் போகவில்லை. ராத்திரியும் கடித்தார். இப்போது வலது பக்கம் வலிக்கிறதாம்.

மத்தியானம் சோற்றைக் குழைய வடித்துப் போட்டேன். பாதியில் கையை நிறுத்தினார்.

"ஏட்டி, அந்த டாக்டர் கேட்டானே. நெசமாவே நான் ராத்திரி பல்லக் கடிக்கேனா?"

"மொதல்ல சாப்பிடுங்க. சோத்து நேரத்துல எதுக்கு? அப்புறம் சொல்லுதேன்."

சாப்பிட்டார். இன்னொரு தடவை மோர் கேட்டார். ஊற்றினேன்.