மரம் காயவில்லை என்று நீங்கள் சொன்னது

மச்சான்,

இன்று காலை கடை திறந்து விளக்குக்கூட ஏற்றவில்லை, ஆட்டோவில் ஒரு கிருஷ்ணர் வந்து இறங்கினார். போன வருடம் நாம் விற்ற மரக் கிருஷ்ணர்தான். துண்டில் சுற்றித் தோளில் சாய்த்து ஒரு தம்பதி தூக்கி வந்தார்கள். துண்டைப் பிரித்ததும் கடை முழுக்கப் புளித்த பால் நாற்றம். குழல் பிடித்த விரல்களுக்கு நடுவிலும் இடுப்பு மடிப்பிலும் பால் காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது. "கோகுலாஷ்டமிக்கு அபிஷேகம் பண்ணோம் சார், அன்னையிலேர்ந்து எறும்பு விடமாட்டேங்குது" என்றார் அந்த அம்மா. மரச் சிலைக்குத் தண்ணீரே ஆகாது என்று விற்கும்போது மூன்று முறை சொல்லியிருந்தேன். நாக்கு நுனிவரை வந்த பேச்சை விழுங்கிவிட்டு, "கொடுத்துட்டுப் போங்க, சுத்தம் பண்ணித் தர்றேன்" என்றேன்.

நீங்கள் இருந்திருந்தால் விழுங்க வேண்டிய பேச்சே உங்களுக்கு வந்திருக்காது. கிருஷ்ணரை மோந்து பார்த்து, "நல்ல பாலுங்க, தண்ணியே கலக்கல" என்று சொல்லி அவர்களைச் சிரிக்க வைத்திருப்பீர்கள். பிறகு பழைய பல் பிரஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். நானும் பிரஷோடு உட்கார்ந்தேன். அந்த நாற்றம் கையை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. என் மனைவிக்கு அண்ணன், எனக்குத் தொழிலில் பாதி. தேவராஜ மொஹல்லாச் சந்தில் முன்பக்கம் நான் விற்பேன், பின்பக்கப் பட்டறையில் நீங்கள் செதுக்குவீர்கள். கொள்ளேகாலிலிருந்து வந்து முப்பது வருடம் மைசூரில் இருந்தும் உங்கள் பேச்சில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. கன்னடக்காரர்களிடம் கன்னடத்தையே கொள்ளேகால் தமிழ் மாதிரி இழுத்துப் பேசினீர்கள். அவர்களுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

உங்களுக்கு இருந்த ஒரே கர்வம் மரம். இங்கே சிவனி என்றும் நாம் குமிழ் என்றும் சொல்லும் அந்த வெளிர் மரத்தை வாங்கி வந்தால், பலகையின் இரண்டு முனைக்கும் பெயிண்ட் அடித்து, நடுவில் குச்சி வைத்து அடுக்கி, வந்த மாதத்தையும் வருடத்தையும் பென்சிலால் எழுதிவிடுவீர்கள். மூன்று வருடம் நிழலில் காயாத பலகையை உளி தொடக்கூடாது. விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்பீர்கள். "இன்னும் பேசுதுங்க மாப்ள, இது வேண்டாம்" என்று திரும்ப அடுக்குவீர்கள். எனக்குக் கேட்டதெல்லாம் வெறும் டொக் டொக்தான்.

ஒரு வரலட்சுமி விரதத்துக்கு முன்னால் கெஞ்சியே பார்த்தேன். பத்து லட்சுமி கேட்டு ஆள் நிற்கிறது, காய்ந்த மரமோ நாலுக்குத்தான் இருக்கிறது. "ரெண்டரை வருஷ மரம் இருக்கே மச்சான், விரதம் அடுத்த மாசம் வந்துடுமே" என்றேன். "வரட்டுமுங்க. மரத்துக்குக் காலண்டரு தெரியுமா?" என்று சொல்லிவிட்டு உளியைத் தீட்டப் போய்விட்டீர்கள். நான் இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை. நீங்கள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

விற்றதோடு விடுகிற ஆளா நீங்கள்? சிலையை நாமேதான் கொண்டுபோய் வைக்க வேண்டும். நான் ஸ்கூட்டர் ஓட்ட, நடுவில் பிள்ளையார், பின்னால் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நீங்கள். வேகத்தடை வரும்போதெல்லாம் "மெதுவா, மெதுவா, தும்பிக்கைங்க" என்று என் முதுகில் குத்துவீர்கள். என் இடுப்பைப் பற்றி ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. வாங்கியவர் வீட்டுக்குள் போனதும் முதல் கேள்வி, "வௌக்கு எங்கீங்க வெப்பீங்க?" சுடரிலிருந்து சிலை எத்தனை விரற்கடை தள்ளியிருக்கிறது என்று அளந்து பார்ப்பீர்கள். அடுக்குமாடி வீடுகளில் மிக்ஸிக்கு மேல் ஒரு அலமாரிதான் பூஜை இடம். அதையும் குறை சொல்லாமல், ஆவி படாத மூலையாகப் பார்த்து மகாலட்சுமியை உட்கார வைப்பீர்கள். டிவி பக்கத்தில் நாலடி நடராஜர் வேண்டும் என்று நின்ற ஒருவரிடம், கதவைத் திறந்து காட்டி, தூக்கிய திருவடி கதவில் இடிக்கும் என்று நிரூபித்து, இரண்டடி நடராஜரைத் தலையில் கட்டிய பெருமை உங்களுடையது. பெரிய வியாபாரம் போச்சே என்று நான் புலம்பினேன். இன்று நினைத்தால் அந்த நாலடியை விற்காததில் எனக்கும் ஒரு பெருமைதான்.

இனி அந்தச் சரஸ்வதிபுரத்து வீடு. பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன், பதற வேண்டாம்.

மஞ்சுளா என்று வைத்துக்கொள்வோம். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத பெண். ஹெப்பாளில் கம்பெனி வேலை. முதல் வரலட்சுமி விரதத்துக்கென்று தானே வந்து, நம்மிடமிருந்த லட்சுமிகளில் ஒன்றரை அடி லட்சுமியைத் தேர்ந்தெடுத்தாள். நாலு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை கடைக்குப் போன் செய்தாள். "சார், லட்சுமி முகத்துல கிராக் வந்திருக்கு. நாளைக்கே வந்து பார்க்க ஆகுமா?" அழுது முடித்த குரல் என்று எனக்கே தெரிந்தது.

மறுநாள் காலை போனோம். கூடத்தில் செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மஞ்சுளாவின் துணிப்பெட்டி தயாராக இருந்தது. சாமராஜநகரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்த அவளுடைய அப்பா, சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார். உள்ளறையில் இடுப்பெலும்பு உடைந்த மாமனார் படுத்திருந்தார், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். புருஷன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். மாமியார்தான் பேசினார்.

"நான் சும்மா சொல்லல. இவ வாங்கிட்டு வந்த லட்சுமி. எந்த நாள் பார்த்தா, எப்படித் தொட்டாளோ, யாருக்குத் தெரியும்? நெத்தியிலேர்ந்து கன்னம் வரைக்கும் வெடிச்சுது. அடுத்த வாரமே அவர் பாத்ரூம்ல விழுந்தார். பின்னமான சாமி வீட்ல நின்னா என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியும். கொஞ்ச நாள் அவ அவங்க அப்பா வீட்லயே இருக்கட்டும்."

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம் அந்த அப்பாவின் முகத்தில் இருந்தது.

நீங்கள் லட்சுமியைக் கையில் எடுத்தீர்கள். விரிசலைப் பார்க்கவில்லை, முதலில் மோந்து பார்த்தீர்கள். எனக்கும் அந்த வாசனை வந்தது. தாமரைப் பீடத்தின் இதழ்களுக்கு இடையே வெள்ளையாகப் பால் பொருக்கு.

"பூஜை யாருங்கம்மா பண்றது?" என்று கேட்டீர்கள்.

"நான்தான். வெள்ளிக்கிழமை தவறாம பாலாபிஷேகம், மஞ்சத் தண்ணி, எல்லாம் என் கையால. இவளைக் கிட்டவே விடறதில்ல" என்றார் மாமியார், நிமிர்ந்து உட்கார்ந்து.

ஆயிற்று, வழக்கு தீர்ந்தது என்று நினைத்தேன். வாரா வாரம் நனைத்து, நனைத்த கையோடு விளக்குச் சூட்டில் வைத்தால் எந்த மரம் தாங்கும்? வாயைத் திறந்தேன். நீங்கள் என் காலை மிதித்தீர்கள், சும்மா இல்லை, குதிகாலால். பிறகு சிலையைக் கவிழ்த்தீர்கள். அடியில் உங்கள் பென்சில் எழுத்து இருந்தது. அந்தப் பலகை நம் பட்டறைக்கு வந்த மாதமும் வருடமும். மூன்று வருடம் எட்டு மாதம் காய்ந்த மரம். அந்த எழுத்தின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தித் தேய்த்ததை அந்த வீட்டில் நான் மட்டும்தான் பார்த்தேன்.

"அம்மா, இது என்ற தப்புங்க" என்றீர்கள். "மரம் காயலீங்க. பண்டிகை அவசரத்துல பச்சை மரத்தச் செதுக்கிக் குடுத்துட்டனுங்க. யாரு வாங்கியிருந்தாலும் வெடிச்சிருக்கும்."

மாமியார் உங்களையே பார்த்தார்.

"அப்போ சாமி கோபம் இல்லையா?"

"சாமிக்கு என்னங்கம்மா கோவம்? எனக்குத்தானுங்க அவசரம். உங்க மருமக நல்ல முகமாப் பாத்துத்தான் எடுத்தாங்க. மரத்துக்குள்ள ஈரம் இருக்கறது அவங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

உள்ளறையிலிருந்து மாமனார், "பாத்ரூம்ல சோப்பு கிடந்துச்சு, அதை யாரும் கேக்கல" என்றார். மஞ்சுளாவின் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேறு லட்சுமி செய்து தருகிறேன் என்று சொல்லி, இன்னொன்றும் சொன்னீர்கள்: "இந்தத் தடவ பயந்துட்டனுங்க. இனி நான் குடுக்கற எந்தச் சாமிக்கும் தண்ணி ஊத்த விடறதில்ல. முன்னால ஒரு கண்ணாடி வெச்சு, அதுல தெரியற லட்சுமிக்கு ஊத்துங்க. சாமிக்கும் சேரும், மரமும் நிக்கும்." அந்த அம்மா தலையாட்டினார். எவ்வளவு பெரிய கள்ளன் நீங்கள்!

வெளியே வந்ததும் நடுத்தெருவில் நான் கத்தினேன். காயாத மரத்தைத் தொட்டதே இல்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லித்தானே வியாபாரம் பண்ணுகிறோம், அந்த அம்மாதான் பாலை ஊற்றிக் கெடுத்தாள் என்று உடைத்துச் சொன்னால் என்ன என்று கேட்டேன். வெடித்த லட்சுமியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்து, நான் மூச்சு விடும்வரை காத்திருந்தீர்கள்.

"சொன்னா அந்தப் புள்ள ஜெயிச்சிருமுங்க மாப்ள. ஜெயிச்சுப்போட்டு அந்த வீட்லயேதான இருக்கோணும்?"

நான் ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

புது லட்சுமியை இரண்டு மாதத்தில் முடித்தீர்கள். எந்த மரம் என்று கேட்டேன். "அதே பலகையோட மிச்சமுங்க" என்று கண்ணைச் சிமிட்டினீர்கள். இன்றுவரை அதில் ஒரு மயிரிழை விரிசல் இல்லை. ஆனால் அதை நாம் யாரிடம் போய்க் காட்ட முடியும்? அந்த அம்மா உங்கள் நேர்மையைப் புகழ்ந்து கோயில், கல்யாணம் என்று போன இடமெல்லாம் கதையைச் சொன்னார். நேர்மை ஒரு காதில் புகுந்து மறு காதில் போயிற்று, பச்சை மரம் என்ற சொல் மட்டும் சந்துக்குள் தங்கிவிட்டது. யாரோ ஒரு பட்டறைக்காரன் உங்களுக்கு ஈர ஆசாரி என்று பெயர் வைத்தான். டீக்கடையில் அதைக் கேட்டு நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் அதற்குப் பிறகு மற்றவர்கள் முன்னால் பலகையைத் தட்டிக் கேட்பதை விட்டுவிட்டீர்கள். எல்லோரும் போன பிறகுதான் தட்டினீர்கள். நான் முன்பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தேன், மச்சான். அது எனக்கு எவ்வளவு வலித்தது என்று உங்களிடம் சொன்னதில்லை.

உங்கள் காரியத்தன்று பட்டறை வாசலில் நாற்காலி போட்டிருந்தோம். சிற்பிகள், பாலீஷ்காரர்கள், சந்துக் கடைக்காரர்கள், உங்களுக்கு வாழ்நாளெல்லாம் மரம் கொடுத்த கிடங்குக்காரர், எல்லோரும் இருந்தார்கள். பெயர் வைத்தவனும் இருந்தான். அப்போது சரஸ்வதிபுரத்து அம்மா வந்தார். நன்றாகத் தளர்ந்துவிட்டார். ஒரு கையில் கோல், மறு கை மஞ்சுளாவின் தோளில். மஞ்சுளா அவர் புடவைத் தலைப்பைச் சரிசெய்து நாற்காலியில் உட்கார வைத்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். கேட்காமலே கொடுத்தாள், அவரும் பார்க்காமலே வாங்கிக்கொண்டார்.

"உத்தமமான மனுஷர்" என்றார் அந்த அம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி. "ஒரே ஒரு தடவை பச்சை மரத்தைக் கொடுத்துட்டார். ஆனா வீடு தேடி வந்து ஒத்துக்கிட்டாரே, யாருக்கு வரும்?"

கிடங்குக்காரர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "பச்சை மரமா? அவரா? நான் நம்பமாட்டேன் சாமி. நீங்க சொல்லுங்க, கூடவே இருந்தவர் நீங்கதானே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை வருடமாக நான் காத்திருந்த கேள்வி, கேட்க வேண்டிய ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் கேட்கப்பட்டுவிட்டது. ஒரு வாக்கியம் போதும், உங்கள் பெயர் துடைத்து வைத்ததுபோல் ஆகிவிடும். மஞ்சுளா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பால்தான் காரணம் என்று அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. மாமியாரின் முழங்கையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் இறுகின. என் காலை மிதிக்க நீங்கள் இல்லை.

"ஆமாங்க" என்றேன். "மரம் காயல. எனக்கும் தெரியும். அவசரப்படுத்துனதே நான்தான்."