காலித் தட்டு வாரம்

நவம்பர் 6, வியாழன்

காலையிலிருந்து மழை. வரும் திங்கள்முதல் பள்ளி முழுவதும் 'காலித் தட்டு வாரம்'. எந்த வகுப்பின் மதிய உணவுப் பாத்திரம் மிச்சமில்லாமல் திரும்புகிறதோ, அதன் பெயரை மறுநாள் மதிய ஒலிபரப்பில் வாசிப்பார்கள்.

மூன்றாம் வகுப்புகளுக்குப் பொறுப்பான ஒகவாரா சார் ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் என்னைக் காட்டிச் சொன்னார்: "செனோ டீச்சருக்கு முதல் வருஷம். ரொம்ப எதிர்பார்க்காதீங்க, பாவம்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த அறையில் என் நாற்காலி இன்னும் இரவல் வாங்கியது போலத்தான் இருக்கிறது. எப்படியாவது எங்கள் வகுப்பின் பெயர் வந்துவிட வேண்டும்.

நவம்பர் 11, செவ்வாய்

வந்தது. பிள்ளைகள் குதித்தார்கள்.

ஆனால் இன்றைக்கு என் வகுப்புப் பெண் இசோபே ஃபூக்கா. எப்போதுமே மெதுவாகச் சாப்பிடுகிறவள். கடற்பாசியும் சோயா பீன்ஸும் வாயில் அப்படியே நிற்க, விழுங்காமல் உட்கார்ந்திருந்தாள். சாப்பாடு முடிந்து பிள்ளைகளே வகுப்பைக் கூட்டித் துடைக்கும் நேரத்துக்கு மணி அடித்தது. பிள்ளைகள் மேசைகளைப் பின்பக்கம் தள்ளத் தொடங்கினார்கள்.

"டீச்சர், இசோபே மேசையை என்ன பண்றது?" என்றான் தொகுரா.

"ஆளோட சேர்த்துத் தள்ளுடா," என்றது ஒரு குரல். தள்ளினார்கள். அவள் ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியை இழுத்தபடி கூடவே நகர்ந்தாள். சுற்றிலும் துடைப்பம், தூசி.

அப்போது நான்தான் சொன்னேன்: "எல்லாரும் சேர்ந்து இசோபேயை உற்சாகப்படுத்துவோமா?" முதலில் கைதட்டியதும் நான்தான். வகுப்பே தட்டியது. தொகுராவின் குரல்தான் எல்லோரையும் விட உயரத்தில். அவள் விழுங்கினாள். கண் நிறைந்திருந்தது. "பாத்தியா, முடிஞ்சுது" என்றேன்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

நவம்பர் 12, புதன்

மீன். மறுபடியும் கைதட்டல். இசோபே வாந்தி எடுத்துவிட்டாள், தட்டிலும், அப்போதுதான் துடைத்த தரையிலும்.

துணி எடுக்க ஓடும்போது எனக்கு வந்த முதல் நினைப்பு: இது மிச்சக் கணக்கில் சேருமா?

மனுஷியா நான்?

நவம்பர் 13, வியாழன்

இசோபே வரவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

இன்றும் வரவில்லை. வாரம் முடிந்தது. ஜெயித்தது நாங்கள்தான். சான்றிதழைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன்.

மாலையில் அவள் அம்மா இனிப்புப் பெட்டியோடு வந்து, இடுப்பு வரை குனிந்தார். "எங்க பொண்ணால வகுப்புக்கே சிரமம். மன்னிச்சிடுங்க டீச்சர்."

நானும் குனிந்தேன். "பரவாயில்லைங்க" என்றேன்.

பரவாயில்லையாம்! நான் மன்னித்தேனாம்!

"வீட்டுல பழக்கிட்டு இருக்கேன். தினமும் அதே கடற்பாசிதான் வைக்கிறேன். முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்க விடறதில்ல," என்றார். அதற்கும் நான் வாய் திறக்கவில்லை. கூச்சம் என்று சொல்லிக்கொள்ளலாமா? கூச்சமில்லை. என் தப்பை இன்னொருவர் எடுத்துக்கொண்டு குனியும்போது அது எத்தனை வசதியாக இருக்கிறது.

இனிப்பை ஆசிரியர் அறையில் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நானும் ஒன்று தின்றேன்.

நவம்பர் 17, திங்கள்

மருத்துவ அறையைப் பார்த்துக்கொள்ளும் மகினோ டீச்சர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உங்க இசோபே வாசல்ல செருப்பு அலமாரி வரைக்கும் வந்து நின்னுடுச்சு. மேல வரமாட்டேங்குது. இங்கதான் படுக்க வச்சிருக்கேன்."

"நான் உற்சாகப்படுத்தணும்னுதான்…"

"கைதட்டினா தொண்டை திறக்குமா செனோ டீச்சர்?"

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அவள் இருந்தாள். கேட்டிருப்பாள்.

நவம்பர் 19, புதன்

இசோபே வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே சொன்னேன். கைதட்ட வைத்தது நான். தப்பு முழுக்க என்னுடையது. வீட்டில் கட்டாயப்படுத்த வேண்டாம்.

அவள் அம்மா கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டார். பிறகு, குரலை உயர்த்தாமல்: "இதை அன்னைக்கே ஏன் சொல்லல? அழுதுக்கிட்டே சாப்பிட்டாளே, தினமும். நீங்க சொல்லியிருந்தா நான் அப்படிப் பண்ணியிருப்பேனா?"

குனிந்தேன். நிமிர்ந்தபோது கதவு மூடியிருந்தது.

நவம்பர் 20, வியாழன்

வகுப்பின் முன்னால் சான்றிதழைக் கழற்றினேன். "இது நாம ஜெயிச்சதில்ல. இசோபேயை நான் வதைச்சு வாங்கினது. உங்களையும் அதுல சேர்த்துக்கிட்டேன். மன்னிச்சிடுங்க," என்றேன்.

அப்புறம் தொகுரா, மேசையைப் பார்த்தபடி: "டீச்சர், நான் பீன்ஸைக் கைக்குட்டையில சுருட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். அன்னைக்கு மட்டுமில்ல."

"அப்ப நீ ஏண்டா அவ்ளோ கத்தினே?" என்றாள் பக்கத்துப் பெண்.

"எல்லாரும் அவளையே பாத்தா, என் தட்டை யாரும் பாக்க மாட்டீங்கல்ல."

சிரிப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கை ஒவ்வொன்றாக உயர்ந்தது. பால் பிடிக்காதவர்கள், மீன் வாசனைக்குக் குமட்டுகிறவர்கள். எல்லோரும் பயந்துகொண்டேதான் தட்டியிருக்கிறார்கள்.

இனி, சாப்பிடத் தொடங்கும் முன் யாரும் தட்டிலிருந்து குறைத்துக்கொள்ளலாம். காரணம் கேட்கமாட்டேன். மணி அடித்தால், மிச்சம் இருந்தாலும் தட்டை எடுத்துவிடுவோம்.

நவம்பர் 26, புதன்

ஒகவாரா சார்: "உங்க வகுப்புப் பாத்திரம் கனமா திரும்புதாமே. சாப்பாட்டோட அருமை தெரிய வேண்டாமா பிள்ளைங்களுக்கு?"

"தெரியணும் சார். பயந்து தெரிய வேண்டாம்."

"ம்ம்" என்று கண்ணாடியைத் துடைத்தார்.

டிசம்பர் 3, புதன்

மருத்துவ அறையில் இசோபே அரைக் கிண்ணம் சோறு சாப்பிட்டாளாம். இந்த வாரம் வகுப்பில் பரிமாறும் முறை எந்தப் பிள்ளைக்கு என்று கேட்டாளாம்.

டிசம்பர் 9, செவ்வாய்

இசோபே மாடி ஏறி வந்தாள்.

பரிமாறும் வரிசையில் வெள்ளைத் தொப்பியோடு தொகுரா, கையில் கரண்டி. "எவ்வளவு?" என்றான். "கொஞ்சம்." சூப்பை ஊற்றினான். "இது கொஞ்சமா, நிறையவா?" அவள் யோசித்தாள். "நிறைய." பாதியைத் திரும்ப எடுத்துவிட்டு, "அடுத்தது" என்று பின்னால் நின்றவனைக் கூப்பிட்டான். அவ்வளவுதான். வேறு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பக்கத்துப் பெண்ணோடு எதற்கோ சிரித்தாள். சூப்பைக் குடித்தாள். மீனைத் தொடவில்லை.

வழக்கம்போல மேசைகளுக்கு நடுவே நடந்து போனேன். என் காலடி நெருங்கியதும் அவள் இடது கையை வளைத்துத் தட்டை மறைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்து என் மேசையில் உட்கார்ந்து, மணி அடிக்கும் வரை என் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன். நாளைக்கும் அங்கேயே இருந்துகொள்கிறேன்.