அட்டை தொலைந்த நாலு நிமிடம்

லண்டன்

அன்புள்ள அம்மாவுக்கு,

கால்வீக்கம் வற்றிவிட்டதா? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், யோசிக்காதேங்கோ.

இந்தக் கிழமை வேலையில், ஊமைப்படக் காலத்து அமெரிக்க நடிகை ஒருவரின் பழைய பிலிம் சுருளைத் துடைத்துக் கணினியில் ஏற்றினேன். பதினாறு வயதில் வந்து நாற்பது படம் நடித்தவ. படங்கள் பேசத் தொடங்கியதும், குரல் சரியில்லையென்று அனுப்பிவிட்டார்கள். பிறகு தொப்பிக் கடையில் வேலைக்கு நின்றாவாம். அந்த நாற்பதில் மிஞ்சியது இந்தச் சுருளிலுள்ள நாலு நிமிடம்தான். அதில் இறந்த கணவனின் காதருகே குனிந்து ஏதோ சொல்கிறா. அந்த வசனத்தை எழுதிக் காட்டும் அட்டை தொலைந்துவிட்டது.

அப்பாவின் செத்தவீட்டை நான் போனில் பார்த்தபோதும் சத்தம் வரவில்லை, அம்மா. பெட்டியை மூடமுன் நீங்களும் அப்படித்தான் குனிந்தீர்கள். அந்த வீடியோவைத் தினமும் போட்டுப் பார்க்கிறேன், என்ன சொன்னீர்களென்று விளங்கவில்லை.

ரயில் லூயிஷாமுக்கு வந்துவிட்டது, இறங்கவேண்டும். மிளகாய்த்தூள் அனுப்பும்போது, அப்பாவிடம் என்ன சொன்னீர்கள் என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வையுங்கோ.

மகள்
மேனுஷா