நீ லீவு போட்ட இரண்டு நாள்

மாமே,

நேற்று உன் மகள் ஒரு பழைய ஃபைலைக் கொடுத்துவிட்டுப் போனாள். திறந்ததும் பூச்சி உருண்டை வாசனை. உள்ளே ஓரத்தில் ஓட்டை போட்ட கம்ப்யூட்டர் பேப்பர், அதில் என் கோழிக்கிறுக்கல். நீ போய்ச் சேர்ந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, இதை எதற்கு என்னிடம் தருகிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. என் சந்தேகப் புத்தி உனக்குத் தெரியாததா.

தொண்ணூறுகளின் கடைசியில், அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்த நட்டு போல்ட்டு கம்பெனியில் நமக்கு ஆளுக்கொரு கம்ப்யூட்டர். வெளிநாட்டில் யாரோ எழுதி இலவசமாக விட்ட புரோகிராமில்தான் சரக்குச் சோதனை ரிப்போர்ட் அடிப்போம். சேவ் செய்யும்போது என் மெஷினில் மட்டும் அது நின்றுவிடும். உன்னுடையதில் ஒருநாளும் நின்றதில்லை. இரண்டு பேரில் ஒருவர் போதும் என்று முதலாளி பேச ஆரம்பித்திருந்த நேரம். நான் சாப்பிடப் போனால் நீ என் சீட்டில் உட்காருகிறாய் என்று வேறு கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

நீயோ ஒன்றும் தெரியாதவன் போல வந்தாய். "இன்னா மாமே, மறுபடியும் நின்னு பூட்ச்சா? எய்துனவனுக்கே மெயில் போட்டுடலாம்."

'வேலை செய்யவில்லை' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். திருப்பிக் கொடுத்துவிட்டாய்.

"இத்த படிச்சா அவனுக்கு இன்னா புரியும்? நீ இன்னா பண்ண, இன்னா வரணும், இன்னா வந்துச்சு, வரிசையா எய்து. நீ நெனைக்கிறத கட்சீல எய்து."

எழுதினேன். கடைசியில் நான் நினைத்ததையும் எழுதினேன்: உன் பெயர். உடனே பயந்து கோடு போட்டு அடித்தேன். வாங்கிப் படித்தாய். மறுநாளும் அதற்கடுத்த நாளும் காரணம் சொல்லாமல் லீவு போட்டாய். குட்டு வெளிப்பட்டதும் ஓடிவிட்டான் என்று நினைத்தேன். அந்த இரண்டு நாளும் புரோகிராம் நிற்கத்தான் செய்தது. ஏதோ செய்துவைத்துவிட்டுப் போயிருக்கிறாய் என்று அதற்கும் காரணம் வைத்திருந்தேன்.

திரும்பி வந்து, "நா இல்லாதப்பவும் நின்னுச்சா?" என்று மட்டும் கேட்டாய். எதையோ குறித்துக்கொண்டு, நான் எழுதியதை இங்கிலீஷில் மாற்றி பிரவுசிங் சென்டரிலிருந்து அனுப்பினாய்.

பத்து நாளில் பதில் வந்தது. ஃபைல் பெயருக்கு நடுவே இடைவெளி விட்டால் அந்தப் புரோகிராமுக்கு ஆகாதாம். ஃபைல் பெயரை நான் அப்படியே எழுதியிருந்ததால், புரோகிராம் எழுதியவர் பிடித்துவிட்டார். இடைவெளி விடுவது என் பழக்கம். நீ எல்லாவற்றையும் சேர்த்தே அடிப்பாய்.

தீபாவளி கழிந்ததும் முதலாளி உன்னைத்தான் நிறுத்தினார். வேலை தலைக்கு மேல் இருக்கும்போது சொல்லாமல் லீவு போட்டவன் என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. நீ கரையான்சாவடியில் வேறு வேலை தேடிக்கொண்டாய். அதன் பிறகும் மாதம் ஒருமுறை என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போனாய். அதிலும் ஏதாவது உள்நோக்கம் இருக்குமோ என்று கொஞ்ச காலம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தாள்தான் இப்போது என் கையில் இருக்கிறது. நான் அடித்த உன் பெயரைச் சுற்றி பென்சிலில் வட்டம். கீழே உன் கையெழுத்து: 'சந்தேகம்: நான். சோதனை: ரெண்டு நாள் நான் வரல. அப்பவும் நிக்குது. நான் இல்ல.'

வெட்கமாக இருக்கிறது மாமே. இன்றைக்கும் யார் மேல் சந்தேகம் வந்தாலும் நீ சொன்ன வரிசையில்தான் எழுதிப் பார்க்கிறேன். பாதி எழுதுவதற்குள் ஆள் என் சந்தேகத்திலிருந்து தப்பிவிடுகிறான். இதையும் அப்படியே, நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன். நான் நினைப்பதைக் கடைசியில் எழுத வேண்டும். என் பெயரை எழுதுகிறேன். இதற்குக் கோடு போடப் போவதில்லை.