பேனாவோடு ஒரு நாள், காய்கறிப் பையோடு ஒரு நாள்

அன்புக் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. நீயும் பேரனும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். வெளியாள் முன்னால் வாயே திறக்காத இந்தப் பிள்ளைக்கு ஏற்ற அரசுப் பாலர் பள்ளி அங்கே இருந்தால்தான் நம் ஊருக்கு மாற்றல் கேட்பேன், இல்லையென்றால் இங்கேயே இருந்துவிடுவேன் என்று நீ சொன்னதிலிருந்து அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கு இறங்கியது, ஆனால் ருசிக்கவில்லை. அக்கம்பக்கத்தில் இருப்பது மூன்று பள்ளிகள். முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதித்தவன் சொல்லிக்கொண்டா போவேன்? திங்கட்கிழமை சட்டைப்பையில் பேனாவும் கையில் நோட்டுமாகத் திடுதிப்பென்று நுழைந்தேன். முதல் பள்ளியில் டீச்சர் என்னைப் பார்த்ததும் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளை எல்லாம் எழுப்பி வரிசையாக நிறுத்திப் பாட வைத்தார், ஒரு வாண்டு நின்றபடியே குறட்டை விட்டது. என்ன ஒழுங்கு என்று மெச்சி எட்டு மார்க் போட்டேன். இரண்டாவதில் அறை நிறைய புதுப் பொம்மைகள், ஒன்பது. மூன்றாவதில் சுவரெல்லாம் சாயம் போயிருந்தது, டீச்சர் என்னை ஏறெடுத்தும் பார்க்காமல் அழுகிற குழந்தை ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டு வேறொன்றுக்கு மூக்குத் துடைக்கப் போய்விட்டார். நாலு மார்க், அதுவும் போனால் போகிறதென்று.

வீட்டுக்கு வந்து பெருமையாக வாசித்துக் காட்டினேன். அம்மா கேட்டுவிட்டு, "இந்தக் கோலத்துல போய் நின்னா மேலிடத்து ஆளுன்னுதானே நினைப்பாங்க? நாளைக்குக் காய்கறிப் பையோட போய்ப் பாருங்க" என்றாள். ஊரையே பிடித்தவனை அவள் ஒரே வாக்கியத்தில் பிடித்துவிட்டாள். மறுநாள் போனால், முதல் பள்ளி ஆயா வாசல் கதவைக்கூடத் திறக்காமல், இன்றைக்குக் காய் ஒன்றும் வேண்டாம்பா என்று அனுப்பிவிட்டார். இரண்டாவதில் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன், பொம்மைகள் எல்லாம் அலமாரிக்குள் பூட்டுப் போட்டுப் பத்திரமாக இருந்தன, பிள்ளைகள் ஒரு டப்பா மூடிக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதில் நேற்று எப்படியோ இன்றும் அப்படியே, என்னைக் கண்டதும் இன்னொரு குழந்தையைக் கையில் கொடுத்தார்கள். அங்கே ஒரு சின்னப் பெண், சேர்ந்து இரண்டு மாதமாகியும் பேச்சே கிடையாதாம். டீச்சர் படத்தைக் காட்டி, பூனை எங்கே என்று எல்லாரையும் போல அவளையும் கேட்டார். அதட்டவும் இல்லை, அடுத்த பிள்ளைக்குத் தாவவும் இல்லை, அவளுக்கென்று காத்திருந்தார். அவள் மெதுவாக விரலை நீட்டிப் பூனையைத் தொட்டாள். "ஆமாடா கண்ணு, அதேதான்" என்றார். நோட்டை எடுத்து அந்த நாலு மார்க்கை அடித்துவிட்டேன்.

அந்தப் பள்ளியின் குறையையும் மறைக்கவில்லை. குளியலறைத் தாழ்ப்பாள் விழாது, ஒரு மூலையில் மழை ஒழுகும். மூன்றுக்கும் பத்துக்குப் பத்து போட்டு உன்னை வரவழைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் சபலம் தட்டியது நிஜம். அதை நம்பி நீ வந்து, பிள்ளை அங்கே சுருண்டு உட்கார்ந்தால் எந்த முகத்தோடு உன்னைப் பார்ப்பேன்? முடிவு உன்னுடையது. வேளைக்குச் சாப்பிடு, பிள்ளையைப் பேசு பேசு என்று நச்சரிக்காதே. இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருங்கள். சேர்க்கைக்குக் கடைசித் தேதி இருபத்தைந்து, மறந்துவிடாதே. அந்த மூன்றாவது பள்ளியின் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லாக் கட்டமும் நீ நிரப்ப வேண்டியவைதான். 'தினமும் பிள்ளையை அழைத்துச் செல்ல வருபவர்' என்ற கட்டத்தை மட்டும் நான் நிரப்பிவிட்டேன்.

ஆசிகளுடன்,
உன் அப்பா